கருமத்தம்பட்டி ஆயரின் ஐயம்

1846 அக்டோபர் 4 அன்று, கோயம்புத்தூரிலிருந்து அவிநாசிக்குப் போகும் வழியில் இருக்கும் கருமத்தம்பட்டியில், முப்பத்திரண்டு வயதுப் பிரெஞ்சுக் குரு ஒருவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக். பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்தவர். 1842-இல் புதுச்சேரிக்கு வந்து தமிழ் கற்றவர். புதுச்சேரியிலிருந்து அப்போதுதான் பிரிக்கப்பட்டிருந்த கோவை மறைப்பணித் தளம் அவர் பொறுப்பில் வந்தது. ஒன்பது ஆண்டுகள் நிறைவதற்குள், 1855 மார்ச்சில், அவருடைய பதவி விலகலை ரோம் ஏற்றுக்கொண்டது. அவர்மேல் பழி ஏதும் இல்லை. அவர் மறைக்கல்வியிலிருந்து வழுவவும் இல்லை. கொங்கு மண்ணில் எழுந்த ஓர் ஐயத்துக்கு விடை கிடைக்காததே முதன்மைக் காரணம். இதைப் பலவீனம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கிறிஸ்தவ விவிலியம் ஐயத்தையும் அடையாளத்தையும் பற்றிச் சொல்வதை முழுவதுமாக எடுத்துக்கொண்டால், அந்த ஐயமே அவருடைய விசுவாசத்தின் செயல் என்று கொள்ள வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது அதைத்தான்.

ஐயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மதுரையில் ராபர்ட் தெ நோபிலி குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவற்றோடு வாழ்ந்து மறைபோதித்தபோது, இவை சமூக வழக்கமா, வேற்றுச் சமய வழிபாடா என்ற வழக்கு ரோம் வரை போனது. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மேலும் ஆராயப்படும் வரை என்ற நிபந்தனையோடு அவற்றை அனுமதித்தார். அதன்பின் நோபிலி சேலம், சேந்தமங்கலம் பக்கம் வந்தார். ஆக இந்த வழக்கின் சுவடு கொங்கின் வட எல்லையிலேயே பதிந்திருக்கிறது. எண்பது ஆண்டுகள் கழித்து, 1704-இல், ரோமின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் நேர்மாறான ஆணை பிறப்பித்தார். அந்த ஆணையின் நுணுக்கம் வியப்பளிக்கிறது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. மஞ்சள் தோய்த்த நூற்றெட்டு இழைக் கயிறு கூடாது. பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடும் சடங்கு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்து, அது உடையும் விதத்தில் நல்லதும் கெட்டதும் பார்க்கக் கூடாது. தேங்காய் வேண்டுமென்றால் சடங்குக்கு வெளியே, சகுனம் பார்க்காதவர்கள் உடைத்துக்கொள்ளலாம். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை மடல் இந்த வழக்கை முடித்துவைத்தது. இங்கே பணியாற்றும் ஒவ்வொரு மறைப்பணியாளரும் அந்த விதிகளைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது.

சத்தியம் செய்வது ஒரு நாள் வேலை. காப்பாற்றுவது ஆயுள் முழுக்க. நூறாண்டு கழித்துப் பிரெசிலாக் கோவைக்கு வந்தபோது, தடுக்கப்பட்டவற்றின் எல்லை மங்கிப் போயிருந்தது. ஒரு வழக்கத்தைச் சில குருக்கள் ஊர் நடைமுறை என்று விட்டுவைத்தார்கள். அதையே வேறு சிலர் தடைக்குள் வருவதாகக் கருதினார்கள். தாமும் சத்தியம் செய்து, தம் குருக்களும் அதன்படி நடக்கப் பொறுப்பேற்ற ஆயருக்கு இதில் நடுவழி இல்லை. வழக்கம் மூடநம்பிக்கை என்றால் பொறுத்துக்கொள்வது சத்தியத்தை மீறுவது. மூடநம்பிக்கை அல்ல என்றால் ஏழைக் கிறிஸ்தவர்மேல் வீண் சுமை ஏற்றுவது. இந்திய மக்களின் பழக்கங்களை இகழ்ந்த ஐரோப்பியர்களில் அவர் ஒருவரல்லர். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதும், காலப்போக்கில் அவர்களிலிருந்தே ஆயர்களை எழுப்புவதும்தான் மறைப்பணியின் நோக்கம் என்று வாதிட்டவர். அதனால் தடை செய்வதும் அவருக்குக் கசந்தது, கண்டும் காணாமல் இருப்பதும் கசந்தது. தெளிவு கேட்டு ரோமுக்கு எழுதினார். பிறகு நேரிலேயே போனார். மனச்சான்று அமைதி அடையும்படியான தீர்ப்பு வரவில்லை. அவர் விலகினார்.

இப்படிக் கடவுளிடமும் மேலதிகாரியிடமும் தெளிவு கேட்டு நிற்பவரை விவிலியம் எப்படிப் பார்க்கிறது? பழைய ஏற்பாட்டின் கிதியோன் கதையைக் கொங்கு நாட்டார் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. களமும் செம்மறி ஆட்டுக் கம்பளியும் தெரிந்த ஊர் இது. மிதியானியரின் கொள்ளைக்குப் பயந்து திராட்சை ஆலைக்குள் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருந்தவன் கிதியோன். நீ போய் உன் மக்களை விடுவி என்று அழைப்பு வருகிறது. உண்மையிலேயே அழைத்தது கடவுள்தானா என்று அறிய, ஒரு கம்பளித் தோலை இரவில் களத்தில் போடுகிறான். கம்பளி மட்டும் பனியில் நனைந்து, தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறான். காலையில் அப்படியே ஆகிறது. பிழிந்தால் ஒரு கிண்ணம் தண்ணீர். பலர் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அவன் நிறுத்தவில்லை. அடுத்த இரவு தலைகீழாகக் கேட்கிறான்: தரை நனையட்டும், கம்பளி காயட்டும். பேராசையோ பிடிவாதமோ அவனை இப்படிக் கேட்க வைத்ததாகத் தெரியவில்லை. ஆட்டு ரோமம் இயல்பிலேயே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயில் ஏறினால் கெட்டித் தரை சீக்கிரம் உலரும். முதல் நாள் கிடைத்த அடையாளம் இயற்கையாகவே நடந்திருக்கலாம் என்பதை அவன் உணர்ந்திருக்கிறான். இரண்டாவது சோதனை அந்தச் சந்தேகத்தைக் களையத்தான். கோபம் கொள்ள வேண்டாம் என்று பணிந்து கேட்கிறான். கடவுளும் கோபம் கொள்வதில்லை. விடை கிடைத்தபின் போகாமல் இருக்க அவனுக்கு வழியில்லை. முப்பத்திரண்டாயிரம் பேர் கொண்ட அவன் படையைக் கடவுள் முந்நூறு பேராகக் குறைக்கிறார். அப்போதும் அவன் திரும்பி ஓடவில்லை. இந்தக் கதையில் ஐயம் கீழ்ப்படிதலுக்கு வாசலாக இருக்கிறது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். அடையாளம் கேட்பதை இயேசுவே கண்டித்தாரே. பொல்லாத தலைமுறைதான் அடையாளம் தேடுகிறது, யோனாவின் அடையாளம் தவிர வேறு கிடையாது என்றாரே? ஆம், கண்டித்தார். யாரிடம், எப்போது என்பதையும் பார்க்க வேண்டும். மத்தேயு நற்செய்தியில் அக்கண்டனம் இரண்டு முறை வருகிறது. இரண்டாவது முறை, நாலாயிரம் பேருக்கு உணவு பகிர்ந்த நிகழ்ச்சியை ஒட்டியே வருகிறது. கேட்டவர்கள் அறியாமல் கேட்கவில்லை. என்ன கொடுத்தாலும் அடுத்ததைக் கேட்பதற்காகக் கேட்டார்கள். விடை வந்தால் என்ன செய்வோம் என்று அவர்கள் தங்களைக் கட்டிக்கொள்ளவே இல்லை. இதற்கு நேர் எதிரில் யூதாவின் அரசன் ஆகாசு நிற்கிறான். பாதாளத்தின் ஆழத்திலோ வானத்தின் உயரத்திலோ ஓர் அடையாளம் கேள் என்று இறைவாக்கினர் எசாயா அவனை வற்புறுத்துகிறார். கேட்க மாட்டேன், ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன் என்கிறான். கேட்பதற்கு எவ்வளவு பக்தியான பதில்! எசாயாவோ சலித்துக்கொள்கிறார். அப்போது நடந்துகொண்டிருந்த போரில் ஆகாசு நாடிப் போனது அசீரிய மன்னனின் உதவியை. கடவுள் பதில் சொல்லிவிட்டால் தன் திட்டம் கெடும் என்பதால்தான் அவன் கேட்கவில்லை. ஐயமே இல்லாதவன்போலக் காட்டிக்கொள்வதும் அவிசுவாசத்தின் ஒரு முகம் என்று விவிலியம் இங்கே சொல்கிறது. கோவை ஆயரைப் பற்றிய நம் கேள்வியில் இந்த அரசன் முக்கியமானவன். கேள்வி எழுப்பாமல், சத்தியத்தையும் வழக்கத்தையும் இரு கையில் பிடித்துக்கொண்டு, கடைசி வரை ஆயர் நாற்காலியில் அமர்ந்திருப்பது பிரெசிலாக்குக்கு முடியாத காரியமல்ல. அது ஆகாசின் வழி.

செக்கரியாவின் கதை இன்னும் சிக்கலானது. அதைத் தவிர்க்கக் கூடாது. லூக்கா நற்செய்தியின் தொடக்கத்தில், முதிய வயதில் மகன் பிறப்பான் என்று வானதூதர் சொன்னதும், இதை நான் எப்படி அறிவேன் என்று செக்கரியா கேட்கிறார், ஊமையாகிவிடுகிறார். சில வரிகள் தள்ளி மரியாவும் இது எப்படி நிகழும் என்று கேட்கிறார். அவருக்கு விளக்கம் கிடைக்கிறது. ஒரே மாதிரிக் கேள்விக்கு ஏன் இரு விதப் பதில்? செக்கரியா குரு, பலிபீடத்தருகே தூபம் காட்டிக்கொண்டிருந்தவர், முதிய வயதில் பிள்ளை பெற்ற ஆபிரகாம், சாரா கதையை ஓதி வளர்ந்தவர். அவர் கேட்டது உறுதிப்பாடு. மரியா கேட்டது வழி. ஆனாலும் செக்கரியாவை விவிலியம் தள்ளிவிடவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஊமைத்தனமே அவர் கேட்ட அடையாளம். குழந்தை பிறந்து பெயர் வைக்கும் நாளில் அவர் நா அவிழ்கிறது. தோமாவுக்கும் இப்படித்தான். தமிழகக் கிறிஸ்தவம் தன் தொடக்கத்தைச் சென்னைப் பரங்கிமலையோடு இணைத்துச் சொல்வது அவரைக் கொண்டுதான். ஆணிகளின் தழும்பில் விரல் இட்டாலன்றி நம்பேன் என்று சொன்னபின், எட்டு நாள் கழித்தும் அவர் மற்றச் சீடர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார். யாரும் அவரை வெளியேற்றவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. முதலில் நம்பாதவர் அவர் மட்டுமல்ல. கல்லறைக்குப் போன பெண்கள் வந்து சொன்னதை மற்றத் திருத்தூதர்களும் பிதற்றல் என்றே எண்ணினார்கள் என்கிறார் லூக்கா. தோமா விரலை வைத்தார் என்று யோவான் எழுதவும் இல்லை. ஆண்டவரே என்று அறிக்கையிட்டார் என்றுதான் எழுதுகிறார்.

கொங்கு நாட்டின் பெரும்பான்மைச் சமய வாழ்வு இந்தக் கேள்விக்கு அந்நியமானதல்ல. கல்யாணம் பேசுமுன், கிணறு வெட்டுமுன் கோயிலில் பூக்கேட்பது இங்கே இன்றும் நடக்கிறது. காங்கேயம் அருகே சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. ஒரு பக்தர் கனவில் முருகன் தோன்றி ஒரு பொருளைப் பெட்டியில் வைக்கச் சொன்னதாக அவர் வந்து சொல்வார். சொன்னவுடன் வைத்துவிட மாட்டார்கள். சன்னிதியில் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு வந்தால்தான் பழைய பொருள் எடுக்கப்பட்டுப் புதியது வைக்கப்படும். அடுத்த உத்தரவு வரும் வரை அதுவே இருக்கும். ஓர் அடையாளத்தை இன்னோர் அடையாளம் கொண்டு சரிபார்க்கும் இந்த முறையில் கிதியோனின் இரண்டாம் இரவு தெரிகிறது. வேறுபாடும் உண்டு. கிதியோனுக்கு அடையாளம் ஒரு பணியை ஏற்பதற்காக வந்தது. பெட்டியில் வைக்கப்படும் பொருள் ஊருக்கும் உலகத்துக்கும் என்ன நேரும் என்று பிறகு பொருள் கொள்ளப்படுகிறது. தூர்னோனின் ஆணை தேங்காயைத் தொட்டது இந்த இடத்தில்தான். தேங்காயை அவர் தடுக்கவில்லை. அதிலிருந்து வருங்காலம் படிப்பதைத் தடுத்தார். கொள்கை சரி. ஆனால் ஒரு கல்யாண வீட்டில் தேங்காய் உடைக்கும் கை எதை நினைத்து உடைக்கிறது என்று ஒரு குரு எப்படி அறிவார்? பிரெசிலாக்கின் இரவுகளைப் பறித்துக்கொண்ட கேள்வி இந்த வகையைச் சேர்ந்தது.

1925-இல் ஈரோட்டில் 'குடி அரசு' தொடங்கிய பெரியாரின் வழியில் வருபவர் இங்கே குறுக்கிட்டு, பூவும் கம்பளியும் கனவும் எல்லாம் ஒன்றுதானே, எதற்கு இத்தனை நுணுக்கம் என்று கேட்பார். நியாயமான கேள்வி, அதே ஊர்க் காற்றில் எழுந்த கேள்வி. விவிலியத்தில் இணைச்சட்ட நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் அதில் பாதியை ஒப்புக்கொள்கிறது. இறைவாக்கினன் ஒருவன் அடையாளம் காட்டி, அது அப்படியே பலித்தாலும், அவன் வேறு கடவுளை நோக்கி அழைத்தால் பின்பற்றாதே என்கிறது அது. பலித்தது என்பதனாலேயே ஓர் அடையாளம் உண்மைக்குச் சான்றாகிவிடாது. எதை நோக்கி அழைக்கிறது என்று ஆராயும் பொறுப்பு மனிதனிடம் விடப்பட்டிருக்கிறது. பகுத்தறிவாளரும் விசுவாசியும் பிரிவது இதற்கு அப்பால், விடை சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்ற இடத்தில். அங்கே நான் விசுவாசியின் பக்கம் நிற்கிறேன். ஆராய்ச்சி வேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை.

பிரெசிலாக்குக்கு எதிரான வலுவான வாதம் வேறு. ஓநாயைக் கண்டு மந்தையை விட்டு ஓடும் கூலிக்காரனைப் பற்றி யோவான் நற்செய்தி பேசுகிறது. ஐயத்தைக் காரணம் காட்டி ஆயர் போனது அப்படித்தானே? இதற்கு விடை சொல்ல அவருக்கு முந்திய இன்னொரு பிரெஞ்சுக் குருவை அருகில் வைத்துப் பார்க்கலாம். அபே துபுவா மைசூர்ச் சீமையிலும் அதன் அக்கம்பக்கத்திலும் முப்பதாண்டு உழைத்தவர். அம்மை குத்துவதைப் பரப்பியவர். 1823-இல் ஊர் திரும்பிய அவர், இந்துக்களைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவருவது நடவாத காரியம் என்று அதே ஆண்டு வெளியான தம் கடிதங்களில் எழுதினார். பிறகு, பிரெசிலாக் பயிற்சி பெற்ற அதே பாரிஸ் குருமடத்துக்குத் தலைவராகவும் இருந்தார். துபுவாவினது கேள்வி அல்ல, தீர்ப்பு. அவர் முடிவுகட்டிவிட்டார். பிரெசிலாக் முடிவுகட்டவில்லை, தெளிவு கேட்டார், கிடைக்காதபோது பதவியைத்தான் துறந்தார், பணியைத் துறக்கவில்லை. பிறந்த ஊரான காஸ்தெல்நோதாரியில் ஓய்வெடுக்காமல், யாரும் போகாத இடத்துக்குத் தம்மை அனுப்பக் கேட்டு, 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். இருந்தாலும் அந்த வாதத்தின் ஒரு பகுதி நிற்கத்தான் செய்கிறது. விலகும் உரிமை ஆயருக்கு இருந்தது. கருமத்தம்பட்டியின் உழவருக்கும் நெசவாளருக்கும் அது இல்லை. அவர்கள் தாலியும் தேங்காயும் மறுபடி அடுத்தவர் தீர்ப்புக்குக் காத்திருந்தன.

இதைவிடக் கூர்மையான குறை ஒன்றும் உண்டு. கயிற்றின் இழைகளை எண்ணிக்கொண்டிருந்த திருச்சபை, கோயிலுக்குள் சாதி பிரித்து உட்கார வைத்ததை ஏன் அதே சத்தியத்தால் தடுக்கவில்லை? ஒடுக்கப்பட்ட நோயாளிகளின் குடிசைக்குள் போய் அருளடையாளங்களைக் கொடுக்க வேண்டும் என்பதும் தூர்னோனின் ஆணையில் இருந்தது. மிகுந்த எதிர்ப்பைச் சந்தித்ததும் அந்த விதிதான். பதினான்காம் பெனடிக்ட் ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனி மறைப்பணியாளர்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பொறுத்துக்கொண்டார். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் 1910-இல்தான் இடிந்தது. ஐயப்பட வேண்டிய இடத்தில் திருச்சபை போதிய அளவு ஐயப்படவில்லை என்பதை மறுக்க என்னால் முடியாது. ஐயத்தை விசுவாசத்தின் உறுப்பாகக் கொள்ள வேண்டும் என்ற என் வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது. பிரெசிலாக்கின் காலத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை.

1859 மே 14 அன்று பிரெசிலாக் சியரா லியோனின் ஃபிரீடவுனில் இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. ஆறு வாரத்தில், ஜூன் 25 அன்று, நாற்பத்தைந்து வயதில் இறந்தார். கோவையை விட்டதற்குக் கடவுள் தந்த பதில் அது என்று சொல்ல விரும்புகிறவர்கள் லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படிக்கட்டும்: சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே விடை சொல்கிறார். பிரெசிலாக் தொடங்கிய சபை அழியவில்லை. பிளாங்க் என்ற தோழர் அதைத் தாங்கிப் பிடித்தார். பிரெசிலாக் ரோமில் வைத்த கேள்வியும் ஒரு நாள் அவிழ்ந்தது. மறைப்பணியாளர்கள் செய்ய வேண்டியிருந்த சத்தியத்தை 1940-இல் ரோம் நீக்கியது. அதே ஆண்டில் கோவை மறைமாவட்டத்துக்கு முதல் இந்திய ஆயராக உபகாரசாமி பெர்னதோத் நியமிக்கப்பட்டார். இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததை அடையாளம் என்று சொல்லத் தோன்றும். நான் சொல்ல மாட்டேன். கம்பளி தானாகவும் நனையும் என்று அறிந்த கிதியோனின் எச்சரிக்கை இங்கேயும் வேண்டும்.

2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் பிரெசிலாக்கை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். அருளாளர் நிலைக்கு உயர்த்த வேண்டுமானால் அவருடைய பரிந்துரையால் ஒரு புதுமை நிகழ்ந்ததென்று நிறுவப்பட வேண்டும். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் வழக்கில் நடந்ததைப்போல, மருத்துவர்கள் முதலில் உட்கார்ந்து, இயற்கையான விளக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளையும் புரட்டுவார்கள். இருந்தால் கோப்பு அதோடு மூடப்படும். இறையியலாளர்களின் முறை அதற்குப் பிறகுதான். பிரெசிலாக்கின் கோப்பு இப்போது அந்தப் புதுமைக்காகக் காத்திருக்கிறது.